தலை கவனம்!

லண்டன் ஓட்டுக் கூரைக்கு அடியில் ஓர் அறை கட்டிய கதை

சென்னை ஃப்ளாட்டில் ‘லாஃப்ட்’ என்றால் சமையலறைக் கதவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டடி அகலக் கான்கிரீட் பலகை. கல்யாணச் சீராக வந்த வெண்கலப் பானை, ரிப்பேரான மிக்ஸி, கொலு பொம்மைப் பெட்டி எல்லாம் அங்கே ஏறும். நவராத்திரிக்கு ஒருமுறை ஸ்டூல் போட்டு ஒருவர் ஏறுவார். கீழே நிற்பவர் ‘பார்த்து, பார்த்து’ என்று பதறுவார். அதனால் 2009-இல் லண்டன் ஈஸ்ட் ஹாமில் வாடகைக்கு அறை தேடியபோது, போனில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா “லொஃப்ட்டில ஒரு ரூம் இருக்கு தம்பி, வந்து பாருங்கோ” என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆளைப் பரணில் ஏற்றி வைக்கிற ஊரா இது?

போனேன். முதல் மாடி வரை விரிப்பு போட்ட சாதாரணப் படி. அதற்கு மேல் ஒரு குறுகல் படி, திடீரென்று இடதுபக்கம் திரும்பியது. “தலை கவனம்!” என்று அக்கா சொல்லி முடிப்பதற்குள் நெற்றி இடித்துவிட்டது. எங்கள் பக்கத்தில் ‘பார்த்து வாங்க’ என்போம், ஈழத்தில் ‘கவனம்’. அந்தச் சொல்லை நான் நெற்றியால் கற்றுக்கொண்டேன்.

அறையின் நடுவில் மட்டும் நிமிர்ந்து நிற்கலாம். இரண்டு பக்கமும் கூரை சரிந்து இறங்க, சரிவுக்கு அடியில் கட்டில். படுத்தால் முகத்துக்கு நேர் மேலே கண்ணாடி ஜன்னல். மழை பெய்தால் கண்ணாடியில் பொரி வறுக்கிற சத்தம். சிட்டி விமான நிலையத்துக்கு இறங்கும் விமானங்கள் தினமும் என் கட்டிலைத் தாண்டித்தான் போகும். மூன்று வருஷம் அங்கே இருந்தேன். வெளியேறும்போது, சொந்த வீடு வாங்கினால் இப்படி ஓர் அறை கட்ட வேண்டும், ஆனால் நெற்றி இடிக்காமல் கட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். எட்டு வருஷம் கழித்துக் கட்டினேன். இடிப்பது நெற்றி மட்டும் அல்ல என்று அப்போதுதான் தெரிந்தது.

வீடுகளின் முதுகு

போ ரோடு நிலையம் தாண்டியதும் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் சுரங்கத்திலிருந்து வெளிச்சத்துக்கு வரும். அங்கிருந்து வெஸ்ட் ஹாம், பிளாஸ்டோ, அப்டன் பார்க், ஈஸ்ட் ஹாம் என்று போகும் வழியில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வீடுகளின் முதுகு தெரியும். தெருவில் நின்று பார்த்தால் நூறு வருஷத்துக்கு முன் எழுப்பிய அதே செங்கல் வரிசை, அதே சரிந்த கூரை. முதுகுப் பக்கமோ கூரைக்குக் கூரை ஒரு பெட்டி முளைத்திருக்கிறது. ஓடு பதித்த பெட்டி, சாம்பல் பலகை அடித்த பெட்டி, பிளாஸ்டிக் உறை போட்ட பெட்டி. இதற்கு ‘டோர்மர்’ என்று பெயர். அழகு என்று சொல்ல மாட்டேன். என் வீட்டு முதுகிலும் ஒன்று இருக்கிறது.

முன்பக்கம் சாதுவாகவும் பின்பக்கம் இப்படிப் பிதுங்கியும் நிற்பதற்குக் காரணம் சட்டம். இங்கிலாந்தில் ஒரு வீட்டுக்காரர் கவுன்சிலில் திட்ட அனுமதி கேட்டு நிற்காமலே சில வேலைகளைச் செய்துகொள்ளலாம். ‘பெர்மிட்டெட் டெவலப்மென்ட்’ என்பார்கள். கூரையைப் பொறுத்தவரை ஒட்டுச்சுவர்த் தொடர் வீட்டுக்கு 40 கன மீட்டர் வரை கூட்டலாம். தனி வீட்டுக்கும் ஒருபக்கம் மட்டும் ஒட்டிய ‘செமி’க்கும் 50. ஆனால் தெருவைப் பார்க்கும் முன்சரிவைத் தாண்டி எதுவும் நீளக்கூடாது. கூரை முகட்டைவிட உயரக்கூடாது. தாழ்வார விளிம்பிலிருந்து 20 சென்டிமீட்டராவது உள்ளே தள்ளி நிற்க வேண்டும். பால்கனி கூடாது. பக்கவாட்டு ஜன்னலுக்கு மங்கல் கண்ணாடிதான். ஆக, ஆசை முழுவதும் பின்பக்கம் போய்ச் சேர்கிறது.

இதில் ஒரு கண்ணி உண்டு. அந்த 40 கன மீட்டர் உங்களுக்கு உரியது அல்ல, வீட்டுக்கு உரியது. உங்களுக்கு முன் குடியிருந்தவர் கூரையில் ஏதாவது சேர்த்திருந்தால் அதுவும் கணக்கில் கழியும். பாதுகாக்கப்பட்ட பழம்பகுதி என்று அறிவித்த தெருக்களில் இந்தச் சலுகை கிடையாது. ஃப்ளாட்டுகளுக்கும் கிடையாது. உச்சி மாடி ஃப்ளாட் வாங்கியவர்கள் பலர், தலைக்கு மேலே இருக்கிற வெற்றிடம் தங்களுடையது என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். குத்தகைப் பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தால் அது பெரும்பாலும் நிலச் சொந்தக்காரருடையதாக இருக்கும்.

திட்ட அனுமதி தேவையில்லை என்பதைக் கேட்டதும் ‘எந்த அனுமதியும் தேவையில்லை’ என்று புரிந்துகொள்வது நம்மவர்களிடம் மட்டுமல்ல, எல்லாரிடமும் உள்ள பழக்கம். கட்டட விதிகள் வேறு கணக்கு. தரை தாங்குமா, தீப்பிடித்தால் தப்பிக்கலாமா, குளிர் நுழையுமா என்று பார்க்க ஆய்வாளர் வருவார்; கடைசியில் அவர் கொடுக்கும் நிறைவுச் சான்று இல்லையென்றால் அந்த அறை, அறையே அல்ல. ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் வீட்டுத் தரகர்களின் கண்ணாடியை நின்று படித்துப் பாருங்கள். ‘மூன்று படுக்கையறை, மேலும் ஒரு லாஃப்ட் ரூம்’ என்று எழுதியிருந்தால் அந்த ‘மேலும்’ என்ற சொல்லில் ஒரு கதை இருக்கக்கூடும். அங்கே கட்டில் இருக்கும், சான்று இருக்காது.

டேப்பும் டார்ச்சும்

2017-இல் நாங்கள் வாங்கியது 1900-ஐ ஒட்டிக் கட்டிய தொடர் வீடு. மேலே இரண்டு அறை, பின்னால் ஒரு சின்ன அறை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அம்மா ஆண்டுக்கு ஆறு மாதம் வந்து தங்க வேண்டும், அவருக்கென்று ஓர் அறை வேண்டும். இதுதான் யோசனையின் தொடக்கம். பெரிய வீட்டுக்கு மாறலாம்தான். முத்திரை வரி, வக்கீல், தரகர் என்று கூட்டிப் பார்த்தால் அந்தப் பணத்தில் கூரையில் பாதி வேலை முடிந்துவிடும் போலிருந்தது.

முகட்டுக்கும் கீழே உள்ள குறுக்குக் கட்டைகளுக்கும் இடையே எவ்வளவு உயரம் என்பதுதான் முதல் கேள்வி. 2.2 மீட்டர், அதாவது ஏழேகால் அடிக்குக் குறைவாக இருந்தால் ஆசையை விட்டுவிடலாம் என்பது தொழில்காரர்களின் கணக்கு. ஏனென்றால் புதுத் தரை கீழிருந்து கொஞ்சம் தின்னும், வெப்பத்தடுப்புப் பலகை மேலிருந்து கொஞ்சம் தின்னும். டார்ச்சும் டேப்புமாக மேலே ஏறி, இரண்டு கட்டைகள் மேல் காலை வைத்து நின்று அளந்தேன். 2.45 மீட்டர். கத்தவேண்டும் போலிருந்தது.

இன்னொன்றையும் பார்த்தேன். பழைய தச்சர்கள் கைமரம் கைமரமாக நிறுத்திய கூரை என்றால் உள்ளே நடுவில் வெற்றிடம் கிடைக்கும். 1960-களின் நடுவிலிருந்து வந்த வீடுகளில் தொழிற்சாலையிலேயே முக்கோணமாகப் பூட்டி வந்த சட்டங்கள். உள்ளே மெல்லிய மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகச் சிலந்தி வலைபோல் ஓடும். அதில் ஒன்றை அறுத்தாலும் கூரை கேள்வி கேட்கும். ஹாரோ, வெம்பிளிப் பக்கத்து 1930-களின் செமி வீடுகளுக்கு வேறு தொல்லை: கூரை மூன்று பக்கமும் சரியும். அங்கே பக்கச் சரிவை எடுத்துவிட்டுச் சுவரை முகடு வரை உயர்த்தினால்தான் படிக்கே இடம் கிடைக்கும்.

படிக்குத்தான் இடம் என்று இப்போது சுலபமாக எழுதுகிறேன். அன்று எனக்கு அது தெரியாது. மூன்று ஒப்பந்தக்காரர்களைக் கூப்பிட்டேன். முதல் இருவரும் கூரையைப் பார்த்தார்கள், விலை சொன்னார்கள். இரண்டிலும் 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி சேர்க்கப்படவில்லை என்பது கடைசிப் பக்கத்தின் சிறிய எழுத்தில் இருந்தது. மூன்றாமவர் வல்வெட்டித்துறைக்காரர், அறுபதை நெருங்கியவர். கூரைப் பக்கம் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. முதல் மாடியில் படி முடிகிற இடத்தில் நின்றுகொண்டு கேட்டார்:

“லொஃப்ட்டைப் பிறகு பாப்பம் தம்பி. படியை எங்க வைக்கப் போறியள்?”

இங்கிலாந்தில் ஓர் அறைக்கு இத்தனை அடி உயரம் இருந்தே ஆக வேண்டும் என்று விதி இல்லை. படிக்கு உண்டு. படியில் நிற்பவர் தலைக்கு மேல் 2 மீட்டர் வேண்டும். கூரை சரிவதால் லாஃப்ட் படிக்கு மட்டும் கொஞ்சம் தயவு காட்டுவார்கள்: நடுவில் 1.9, ஓரத்தில் 1.8 வரை இறங்கலாம். ஒரு படியின் உயரம் 22 சென்டிமீட்டருக்கு மிகக்கூடாது; ஏற்றம் 42 பாகைக்கு மிகக்கூடாது. இந்தக் கணக்குகளை எல்லாம் போட்டால் படி வந்து நிற்கக்கூடிய இடம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான், ஏற்கெனவே உள்ள படிக்கு நேர் மேலே. அங்கே போய்ச் சேர முன்னறையின் ஒரு மூலையிலிருந்து மூன்றடியை வெட்டி எடுக்க வேண்டும். என் மனைவியின் துணி அலமாரி நிற்கும் மூலை.

“அறை கட்டுறதுக்கு அறையைக் குடுக்கணுமா?” என்றாள் அவள். வல்வெட்டித்துறை அண்ணை சிரித்தார். “ஓம் தங்கச்சி. மேல ஒண்டு எடுத்தால் கீழ ஒண்டு குடுக்கத்தான் வேணும்.”

பொதுச்சுவர்

நம் ஊரில் பொதுச்சுவர் என்றால் இரண்டு தலைமுறைக்கு வழக்கு. லண்டனில் அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. 1666 பெருந்தீக்குப் பிறகு வந்த கட்டடச் சட்டத்திலேயே வீடுகளுக்கு இடையிலான சுவர் செங்கல்லாக இருக்க வேண்டும் என்று எழுதினார்கள்; இன்று இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்கும் 1996-ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டம் இருக்கிறது. லாஃப்ட்டின் புதுத் தரையைத் தாங்கும் இரும்பு உத்திரங்களை இரண்டு பக்கத்து வீட்டுச் சுவர்களிலும் செருக வேண்டும். அதற்கு இரண்டு மாதம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவர்கள் 14 நாளுக்குள் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுத் தந்தால் சரி. பேசாமல் இருந்தாலும் மறுப்பு என்றுதான் பொருள். சர்வேயர்கள் நுழைவார்கள், செலவு பெரும்பாலும் கட்டுகிறவர் தலையில்.

இடதுபக்கம் ஒரு வங்காளதேசக் குடும்பம். அவர்களும் லாஃப்ட் கட்டும் எண்ணத்தில் இருந்ததால் உடனே கையெழுத்து விழுந்தது. வலதுபக்கம் எண்பது வயது ஆங்கிலேயர், அந்த வீட்டிலேயே பிறந்தவர். கடிதத்தை நேராகத் தபாலில் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள் என்று அண்ணை சொல்லியிருந்தார். போனேன். தேநீர் கொடுத்தார். கடிதத்தை இரண்டுமுறை படித்தார். எத்தனை மணிக்கு வேலை தொடங்குவார்கள் என்ற ஒரே கேள்விதான் கேட்டார். எட்டு மணி என்றேன். “நான் ஆறுக்கே எழுந்துவிடுவேன்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். கட்டட வேலையில் நான் மிச்சப்படுத்திய பெரிய தொகை அந்த ஒரு கோப்பைத் தேநீரில் மிச்சமானது.

கூரைக்குள் வௌவால் இருந்தால் இவ்வளவு சுலபமாக முடிந்திருக்காது. 1981-ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி அவற்றின் இருப்பிடத்தைத் தொடக்கூடாது. எங்கள் கூரையில் ஒரு குளவிக்கூடு மட்டும் இருந்தது, அதுவும் காலி.

மேலே ஒரு கால்

செப்டம்பரில் சாரம் ஏறியது. கூரையைத் திறக்கும் நாட்களில் மழை இறங்காமலிருக்க அதன் மேல் ஒரு தகரக் கொட்டகை. உத்திரங்கள் இரண்டு துண்டாக வந்தன. தோளில் தூக்கிச் சாரம் வழியாக ஏற்றி, மேலே போல்ட் போட்டு ஒன்றாக்கினார்கள். பழைய குறுக்குக் கட்டைகள் நாலுக்கு இரண்டு அங்குலம். அவை கீழறைச் சீலிங்கைத் தொங்கவிட வைத்தவை, மனுஷ நடமாட்டத்துக்கு அல்ல. அவற்றுக்கு இடையே எட்டுக்கு இரண்டு அங்குலப் புதுக் கட்டைகளை உத்திரத்தில் பூட்டினார்கள்.

அந்த வேலையின் மூன்றாம் நாள், ஓர் இளம் பையன் கட்டைக்கும் கட்டைக்கும் இடையே கால் வைத்துவிட்டான். கீழே என் மகன் ஆன்லைனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். மெல்லிய மரப்பட்டிகள் மேல் பூசிய நூற்றாண்டுச் சுண்ணாம்புச் சீலிங் பொத்துக்கொண்டு, அழுக்குப் பூட்ஸோடு முழங்கால் வரை ஒரு கால் அவன் மேசைக்கு மேலே வந்து தொங்கியது. நல்லவேளை யாருக்கும் அடி இல்லை. ஒரு வாரம் வீடெல்லாம் கறுப்புத் தூசி. நீராவி ரயில்களும் நிலக்கரி அடுப்புகளும் விட்ட புகை நூறு வருஷமாக ஓட்டிடுக்கில் இறங்கிப் படிந்திருந்தது. தோசை மாவில்கூட அது தெரிந்தது.

தாழ்வார ஓரத்தில் சரிவு தரையைத் தொடும் இடம் நிற்கவும் உதவாது, உட்காரவும் உதவாது. அதை மறைத்து மூன்றடி உயரத்துக்கு ஒரு தடுப்பு எழுப்பி, பின்னால் சாமான் வைக்கக் குட்டிக் கதவு வைப்பார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று யோசித்தேன். குட்டிச்சுவர் என்பதைத் தவிர வேறு பெயர் தோன்றவில்லை. பரீட்சையில் தவறிய நாளெல்லாம் அப்பா எனக்குச் சொன்ன ஆரூடம், எட்டாயிரம் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி, சதுர அடி விலையில் பலித்தது.

சரிவு ஜன்னல்களை லண்டனில் எல்லாரும் ‘வெலக்ஸ்’ என்றே சொல்கிறார்கள், எந்தக் கம்பெனிக்காரன் செய்திருந்தாலும். 1941-இல் வில்லும் கான் ராஸ்முசன் டென்மார்க்கில் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் அது. காற்றோட்டத்தைக் குறிக்கும் ‘வெ’யையும், ஒளி என்ற பொருள் தரும் லத்தீன் ‘லக்ஸ்’ஸையும் ஒட்டி வைத்தது. ஜெராக்ஸ் மாதிரி ஆகிவிட்டது.

கீழே ஒரு சுவர்

எங்களுக்கு முன் இருந்தவர்கள் வாசல் நடைக்கும் முன்கூடத்துக்கும் இடையே இருந்த சுவரை எடுத்து ஒரே கூடமாக்கியிருந்தார்கள். வீடு வாங்கும்போது எங்களுக்கு மிகவும் பிடித்தது அதுதான். கதவைத் திறந்ததும் வெளிச்சமான பெரிய இடம், அதன் ஓரத்தில் படி. பிறந்தநாளுக்கு முப்பது பேரை உட்காரவைத்திருக்கிறோம்.

அந்தச் சுவரைத் திரும்பக் கட்டச் சொன்னார் ஆய்வாளர்.

காரணம் எளிது. இரண்டு தள வீட்டில் தீப்பிடித்தால் மேல்மாடி ஜன்னல் வழியாகக் குதித்தாவது பிழைக்கலாம் என்று விதிகள் ஏற்றுக்கொள்கின்றன. புதுத் தரை தரைமட்டத்திலிருந்து நாலரை மீட்டருக்கு மேலே போய்விட்டால் குதிப்பது கணக்கில் வராது. மேலே தூங்குகிறவர் படியில் இறங்கி வாசல் வழியாக வெளியே போக, அந்தப் பாதை முழுவதும் அரை மணி நேரம் தீயைத் தாங்க வேண்டும். படி கூடத்துக்குள் திறந்து கிடந்தால், சோபாவில் பிடிக்கும் தீ படியையே புகைக்கூண்டாக்கிவிடும். தண்ணீர் தெளிக்கும் அமைப்பு வைத்துச் சமாளிக்கலாம். விலை கேட்டதும் சுவரே மேல் என்று தோன்றியது. படியைப் பார்க்கும் அறைக் கதவுகளும் போயின. நூறு வருஷத்துப் பைன் கதவுகள் தெருக் குப்பைத் தொட்டியில் சாய்ந்து கிடந்தன. பதிலுக்குக் கனமான தீத்தடுப்புக் கதவுகள், முகமில்லாதவை.

ஒவ்வொரு தளத்திலும் ஒன்றோடொன்று கோத்த புகை எச்சரிக்கைக் கருவி. சமையலறையில் புகைக்குப் பதில் வெப்பத்தை உணரும் கருவி வைக்க வேண்டும் என்பதை மின்வேலைக்காரர் மறந்து, புகைக்கருவியையே வைத்துவிட்டார். முதல் நாள் ரசத்துக்குக் கடுகு, மிளகாய் வற்றல் தாளித்தோம். மூன்று தளமும் ஒன்றாக அலறியது. பக்கத்து வீட்டுப் பெரியவர் மேலங்கியோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

ஜனவரியில் நிறைவுச் சான்று வந்தது.

மேலே யார்?

அம்மா மார்ச்சில் வந்தார். மெழுகு போன்ற வெள்ளைச் சுவர், பின்பக்கம் அகல ஜன்னல், தூரத்தில் கேனரி வார்ஃப் கோபுரங்களின் விளக்கு. பெருமையாகக் கூட்டிப்போனேன். அவர் படியின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

“இதென்னலே, ஏணியா படியா? நெட்டுக்குத்தலா நிக்கி.”

மூன்று இரவு மேலே படுத்தார். பாத்ரூம் மேலேயே இருந்தது, அதில் குறையில்லை. காப்பிக்கு ஒரு தரம், டிவி பார்க்க ஒரு தரம், சாப்பாட்டுக்கு ஒரு தரம் என்று அந்தப் பதின்மூன்று படியும் அதற்குக் கீழே உள்ள பதின்மூன்றும். நான்காம் நாள் காலை முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். ஆய்வாளர் கட்டச்சொன்ன சுவரால் அது இப்போது கூடமில்லை. கதவு சாத்தினால் தனியறை.

“நான் இங்ஙனயே படுத்துக்கிடுதேன். தெருவப் பாக்கலாம்.”

கட்டிலை இறக்கினோம். மேலறை மகனுக்குப் போனது. 2022 ஜூலையில் லண்டன் 40 பாகையைத் தொட்ட நாளில் அவனும் தலையணையோடு கீழே வந்துவிட்டான். குளிருக்குப் பார்த்துப் பார்த்துப் பதித்த நுரைப் பலகை அன்று வெப்பத்தை வெளியே விடாமல் காத்தது. சரிவுக் கண்ணாடி உச்சிவெயிலை நேராக உள்ளே இறக்கியது. மொட்டை மாடிக்குக் கீழறையில் மே மாதம் படுத்து வளர்ந்தவன் நான். ஜன்னலுக்கு வெளிப்புறமாகத் திரை போடவேண்டும் என்று கட்டும்போதே தோன்றியிருக்க வேண்டும்; போட்டது அடுத்த வருஷம்.

இப்போது புதிதாக வீடு வாங்கும் நண்பர்கள் லாஃப்ட்டைப் பார்க்க வருகிறார்கள். நேராக மாடிக்கு ஏறப் போவார்கள். நான் கீழே முன்கூடத்துக் கதவைத் தட்டுவேன். அம்மா இருந்தால் உள்ளே உட்கார்ந்து தெருவில் முருகன் கோயிலுக்குப் போகிறவர்களை எண்ணிக்கொண்டிருப்பார். சுவரைக் காட்டி விலை சொல்வேன். அவர்கள் புரியாமல் பார்க்கும்போது அம்மா சொல்வார்: “மேல போய்ப் பாத்துட்டு வாங்க. பெட்டி வைக்க நல்ல எடம்.”